சட்டம் இயற்றினால் மட்டும் போதுமா?
வர்த்தகக் கட்டடங்களும் சக்திச் சிக்கனமும் பற்றிய ஒரு வாதம்

மனித சமுதாயத்தின் வரலாறு, மனிதன் சக்தியைத் தன் வசப்படுத்தி வந்த வரலாறே எனக் கூறின் அது மிகையாகாது. தீயும் நீரோட்டமும் நீராவியும் மின்சாரமும் உற்பத்தி முறைகளை மாற்றின. உற்பத்தி முறைகள் சமுதாய உறவுகளை மாற்றின. ஆகவே ஒரு நாட்டில் மின்சாரம் எவ்வாறு பிறப்பிக்கப்படுகின்றது, எவரால் நுகரப்படுகின்றது, அதன் விலையை எவர் செலுத்துகின்றனர் என்னும் வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரியனவல்ல. அவை சமுதாய வினாக்கள், அரசியல் வினாக்கள். கலைப்பீட மாணவன் ஒருவன் இப்பொருள் பற்றி எழுதப் புகுவதற்கு இதனினும் வேறு நியாயம் வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலாக்கப்பட்டது. எரிபொருளை வாங்குவதற்கு அந்நியச் செலாவணி இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டது. அந்நாட்களில் இருளில் இருந்தோர் யாவர்? சொந்த மின்பிறப்பாக்கி வைத்திருந்த அடுக்குமாடி அலுவலகங்கள் அல்ல. தையற் கடைக்காரரும், அரிசி ஆலைத் தொழிலாளியும், பனிக்கட்டி கிடைக்காது மீனை அழுகவிட்ட கடற்றொழிலாளியும், விளக்கின்றிப் பரீட்சைக்குப் படித்த மாணவருமே இருளில் இருந்தனர். ஓரிடத்தில் வீணாக்கப்படும் மின்சாரம் இன்னோரிடத்தில் இல்லாமற் போகும் மின்சாரமாகும். இந்த எளிய உண்மையை மறந்துவிட்டு நடத்தப்படும் எந்த விவாதமும் பொருளற்றதாகவே முடியும்.

வர்த்தகக் கட்டடங்களின் உடைமையாளர் சக்திச் சிக்கன விதிகளுக்கு அமைந்தொழுகுமாறு அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் கைகொடுத்து உதவ வேண்டும் என்பதும், அவ்வுதவியின்றி விதிகளை மட்டும் இயற்றுவது அவற்றை இயற்றாமலிருப்பதற்கு ஒப்பாகும் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இவ்வாதம் உடைமையாளருக்கும் உவப்பாயிராது, அதிகாரிகளுக்கும் உவப்பாயிராது, முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நம் நண்பர் பலருக்கும் உவப்பாயிராது. ஆயினும் அதைக் கூறியே ஆதல் வேண்டும்.

கண்ணாடிப் பெட்டிகளின் பண்பாடு

கொழும்பு நகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் அமைந்துள்ளது. நண்பகற் சூரியன் கூரையின் மீதே நேராக எரிகின்றது. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கதிர் கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும் தாக்குகின்றது. எனவே கூரையைக் காப்பதும், கிழக்கு மேற்குத் திசைகளில் திறப்புகளைக் குறைப்பதும், சுவர்களுக்கு நிழல் கொடுப்பதும் இந்நாட்டுக் கட்டடக்கலையின் அரிச்சுவடியாகும். இதனை நம் முன்னோர் நூலிற் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்தனர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் முற்றமும், தாழ்ந்திறங்கிய தாழ்வாரமும், திண்ணையும் அந்த அறிவின் வடிவங்களே. நவீன கட்டடக்கலையும் இவ்வறிவுக்குப் புறம்பானதன்று. 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காக ஜெப்ரி பாவா வடிவமைத்த பன்மாடிக் கட்டடம், இயற்கைக் காற்றும் ஒளியும் உட்புகுமாறு திட்டமிடப்பட்டது. பன்மாடிக் கட்டடம் என்றாலே அது அடைத்து மூடிய பெட்டியாய் இருத்தல் வேண்டும் என்பது பொய் என்பதற்கு அதுவே சான்று.

ஆயின் இன்று நம் நகரங்களில் எழுவன எத்தகைய கட்டடங்கள்? குளிர்நாடுகளில், கிடைக்கின்ற சிறு வெயிலையும் உள்ளே பிடித்து வைப்பதற்குப் பொருந்தும் கண்ணாடிச் சுவர்களை, வெயிலை வெளியே நிறுத்த வேண்டிய நாட்டில் நாம் எழுப்புகின்றோம். உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்ற வளிச்சீராக்கியை நாள் முழுவதும் இயக்குகின்றோம். கண்ணாடி கூசுவதால் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, பட்டப்பகலில் மின்விளக்கை எரிக்கின்றோம். நமது வளியில் ஈரப்பதன் மிகுதி. ஆதலால் கதவிடுக்கினால் உட்புகும் வளியின் ஈரத்தை நீராக்கி அகற்றுவதற்கும் அந்த இயந்திரமே உழைக்கின்றது. இது தொழில்நுட்ப வளர்ச்சி அன்று. அந்நியர் அணிந்த கம்பளிச் சட்டையை வெயிலில் அணிந்துகொண்டு, வியர்வையைத் துடைக்க வேலையாள் ஒருவனை அமர்த்துவதற்கு ஒப்பான அடிமை மனப்பாங்கு எனலாம்.

விதி உண்டு, செயல் எங்கே?

இந்நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. சக்திப் பேணல் நிதியத்துக்கான சட்டம் 1985ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் மின்சார சபை வர்த்தகக் கட்டடங்களுக்கான சக்தி வினைத்திறன் நடைமுறைக் கோவையொன்றை வெளியிட்டது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிலைபெறுதகு வலு அதிகார சபை தோற்றுவிக்கப்பட்டது. அச்சபை 2008இல் திருத்திய கோவையொன்றை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுக்குரிய கோவை அதனைத் தொடர்ந்தது. 2008இன் கோவையை எடுத்து நோக்கின், கட்டடத்தின் புறவுறை, காற்றோட்டமும் வளிச்சீராக்கலும், ஒளியூட்டல், மின்பகிர்வு, நீர் சூடாக்கல் ஆகிய யாவும் அதில் முறையாக வகுத்துரைக்கப்பட்டுள்ளன. எழுத்தில் குறை காண்பது கடினம்.

ஆனால் எழுத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே மனிதர்கள் இருக்கின்றனர். வரைபடத்துக்கு அனுமதி வழங்குவதும், கட்டி முடித்த பின்னர் இணக்கச் சான்றிதழ் வழங்குவதும் உள்ளூராட்சி மன்றத்தின் பணிகள். தெருவோரத்து எல்லைக்கோட்டையும் வாகனத் தரிப்பிடத்தையும் அளக்கப் பழகிய அலுவலர், சுவரினூடாகப் புகும் வெப்பத்தை எந்தக் கருவிகொண்டு அளப்பார்? அதனைக் கணிக்க அவருக்குக் கற்பித்தவர் யார்? இன்னொரு புறம், புதிய கட்டடத்துக்கு விதி வகுக்கலாம். ஏற்கெனவே எழுந்து நிற்கும் பழைய கட்டடங்களை என் செய்வது? ஒரு நகரம் ஓராண்டில் நுகரும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அவ்வாண்டில் கட்டப்பட்ட கட்டடங்கள் நுகர்வதில்லை. முன்னரே கட்டப்பட்டவைதாம் நுகர்கின்றன. அவற்றின் உடைமையாளருக்கு வழிகாட்டாத கோவை நூலக அலுமாரிக்கு அணியாகுமேயன்றி நாட்டுக்குப் பயன்படாது.

மூன்று எதிர்வாதங்கள்

இங்கு மூன்று வகையான எதிர்வாதங்கள் எழுப்பப்படுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, உடைமையாளரின் வாதம். "கட்டடம் என்னுடையது, மின்கட்டணத்தை நானே செலுத்துகின்றேன், எவ்வளவு நுகர்வது என்பதை நானே தீர்மானிப்பேன்" என்பர். இவ்வாதம் மின்சாரத்தைக் கடைத்தட்டிலுள்ள சவர்க்காரக் கட்டியாகக் கருதுகின்றது. மின்சாரம் அத்தகையதன்று. ஒருவர் நுகரும் கணத்திலேயே அது பிறப்பிக்கப்படுதல் வேண்டும். எல்லோரும் ஒரே வேளையில் கேட்கும்போது மிகச் செலவு கூடிய எண்ணெய் மின்னிலையம் இயக்கப்படுகின்றது. அச்செலவு எல்லோருடைய கட்டணத்திலும் பரவுகின்றது. மழை பொய்த்த 1996ஆம் ஆண்டிலும் நாடு இருளில் மூழ்கியது என்பதை நினைவிற்கொண்டால், நீர்த்தேக்கத்தின் ஒவ்வோர் அடி நீரும் பொதுச்சொத்து என்பது புலனாகும். பொதுச்சொத்தை நுகரும் முறை தனியார் விருப்பத்துக்கு மட்டும் உரியதாகாது.

இரண்டாவது, சந்தைப் பொருளியலாளரின் வாதம். "விலையை உயர்த்துங்கள், விலையே சிக்கனத்தைக் கற்பிக்கும், விதியும் வேண்டா, உதவியும் வேண்டா" என்பர். விலைக்கு ஆற்றல் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டடத்தைக் கட்டுபவர் ஒருவர். அதில் வாடகைக்கு இருந்து மின்பட்டியலைச் செலுத்துபவர் வேறொருவர். கட்டுபவருக்குக் கூரைக்கு வெப்பக்காப்பு இடுவது செலவு. அதன் பயன் அவருக்கில்லை. வாடகைக்கு இருப்பவருக்குப் பயன் உண்டு. கூரையைத் தொட அவருக்கு உரிமையில்லை. விலை எவ்வளவு உயர்ந்தாலும் இந்த முடிச்சு அவிழாது. உயர்ந்த விலை வாடகைக்கு இருப்பவரின் கழுத்தை இறுக்கும். கூரை அப்படியே வெயிலில் காயும். 2022க்குப் பின் நாம் கண்ட கட்டண உயர்வினால் அலுவலகங்களில் விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கலாம். சுவர்கள் திரும்பி நிற்கவில்லை.

மூன்றாவது வாதமே நமக்கு அண்மையானது; ஆதலால் அதுவே கூடிய கவனத்துக்குரியது. "கட்டட உடைமையாளர் எனப்படுவோர் முதலாளிகள். அவர்களுக்கு மக்கள் பணத்தில் ஏன் உதவ வேண்டும்? விதியை மீறினால் தண்டம் அறவிடுங்கள்" என்று நம் நண்பர்கள் கேட்கின்றனர். கேள்வியில் நியாயமான சினம் இருக்கின்றது. ஆயின் சினம் மட்டும் ஆய்வாகாது.

தண்டத்தை மட்டும் விதித்தால் நிகழ்வது யாது? பெருங் கம்பனி ஆலோசகர்களை அமர்த்தும், அளவைக் கருவிகளை வாங்கும், விதிக்கு அமைந்துவிடும், பெற்ற சான்றிதழை வரவேற்பு மண்டபத்திற் சட்டமிட்டுத் தொங்கவிட்டு அதனையும் விளம்பரமாக்கிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியிலோ மட்டக்களப்பு நகரிலோ இரண்டு மாடிக் கடையொன்றை வைத்திருப்பவர், மலையக நகரொன்றில் விடுதி நடத்துபவர், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தை முகாமை செய்பவர் ஆகியோர் என் செய்வர்? விதி யாது கேட்கின்றது என்பதே அவர்களுக்கு விளங்காது. தண்டத்தைச் செலுத்துவர், அல்லது தண்டத்திலும் குறைந்த தொகையைக் கொடுத்துக் கண்களை மூடச் செய்வர். இறுதியில் பெருமுதல் சட்டத்தின் நிழலில் வளரும். சிறுமுதல் சட்டத்தினால் நசுங்கும். ஊழல் இரண்டினிடையே கொழுக்கும். மின்சாரமோ ஓரலகேனும் மீதப்படாது. உதவியற்ற விதி முதலாளித்துவத்துக்கு எதிரானதன்று, பெருமுதலாளிக்குச் சார்பானது. இதனை நம் நண்பர்கள் சிந்தித்தல் வேண்டும்.

பிற நகரங்கள் கற்ற பாடம்

இது வெறும் ஊகம் அன்று. தோக்கியோ மாநகரம் 2010ஆம் ஆண்டில் பெருங் கட்டடங்களுக்குக் கட்டாய வரையறை விதித்தது. ஆண்டொன்றுக்கு 1,500 கிலோலீற்றர் மசகெண்ணெய்க்கு நிகரான சக்தியை நுகரும் நிலையங்கள் அதற்குள் அடங்கின. முதலாவது காலகட்டத்தில், 2010 முதல் 2014 வரை, அலுவலகக் கட்டடங்கள் 8 சதவீதமும் தொழிற்சாலைகள் 6 சதவீதமும் வெளியேற்றத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் இக்கட்டாயம் திடீரென வானத்திலிருந்து விழவில்லை. 2002ஆம் ஆண்டு முதலே அறிக்கை சமர்ப்பிக்கும் முறை தொடங்கிவிட்டது. 2005இல் அது திருத்தப்பட்டது. எட்டாண்டுகள் மாநகர நிருவாகமும் உடைமையாளரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். எந்தக் கட்டடம் எவ்வளவு நுகர்கின்றது என்னும் தரவு சேர்ந்த பின்னரே கட்டளை பிறந்தது. பெரும் பரப்பை வாடகைக்கு எடுத்திருப்போரும் தமக்கெனத் திட்டம் சமர்ப்பிக்கக் கடமைப்பட்டனர். மேலே நாம் கூறிய உடைமையாளர் - வாடகையாளர் முடிச்சை அவர்கள் அவ்வாறு அவிழ்க்க முயன்றனர்.

நியூயோர்க் நகரம் 2009ஆம் ஆண்டிலேயே பெருங் கட்டடங்களின் நுகர்வை அளந்து வெளிப்படுத்துவதற்குச் சட்டம் இயற்றியது. பத்தாண்டுகளின் பின்னர், 2019இல், 97ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் வெளியேற்ற வரம்பு; 2030 முதல் மேலும் இறுக்கமான வரம்பு; வரம்பைக் கடந்த ஒவ்வொரு தொன்னுக்கும் 268 டொலர் தண்டம். ஆனால் அதே நகரம் உடைமையாளருக்கு இலவச ஆலோசனை வழங்கும் சேவையொன்றையும் நடத்துகின்றது. வாடகைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட குடியிருப்புகள் சிலவற்றுக்கும் வழிபாட்டிடங்களுக்கும், நுட்பமான கணிப்புக்குப் பதிலாக, குழாய்களுக்குக் காப்பிடுதல், கசிவுகளை அடைத்தல் போன்ற 13 எளிய நடவடிக்கைகளின் பட்டியலைக் கொடுத்து, இவற்றைச் செய்தாற் போதும் என்றது. முதலாளித்துவத்தின் தலைநகரே தண்டத்தையும் துணையையும் ஒன்றாகப் பிணைத்திருக்கையில், நாம் இரண்டையும் பிரித்து வைத்துச் சண்டையிடுவது விந்தையே.

நம் தட்பவெப்பத்தை ஒத்த சிங்கப்பூர், 2005இல் கட்டடங்களுக்கான தரப்படுத்தலைத் தொடங்கி, 2008இல் புதிய கட்டடங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்கி, 2009இல் பழைய கட்டடங்களைச் சீர்செய்வதற்கென 10 கோடி சிங்கப்பூர் டொலரை ஒதுக்கியது. செல்வந்த நாட்டின் பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்நாட்டிடமிருந்து கற்க வேண்டியது பணத்தின் அளவையன்று, படிமுறையின் ஒழுங்கையே.

எத்தகைய உதவி?

உதவி என்றவுடன் மானியம் என்று பொருள்கொள்ளுதல் நம் நாட்டு வழக்கம். நாம் கோருவது அதுவன்று. ஆடம்பர ஹோட்டலின் குளிர்மண்டபத்துக்கு மக்கள் வரிப்பணத்தை அள்ளிக் கொடுப்பதை நாமும் எதிர்ப்போம். உதவிக்கு நிபந்தனை வேண்டும், வரிசையும் வேண்டும்.

முதலாவதாக, அளத்தல். அளக்காததைக் குறைக்க இயலாது. சிறு கட்டடங்களுக்குச் சக்திக் கணக்காய்வு இலவசமாகச் செய்து கொடுக்கப்படல் வேண்டும். பெருங் கட்டடங்கள் தம் செலவிற் செய்து, முடிவைப் பகிரங்கப்படுத்தல் வேண்டும்.

இரண்டாவதாக, எளியவற்றை முதலிற் செய்தல். ஒரு கணக்கை நோக்குவோம். 100 பழைய குழல்விளக்குகள் உள்ள கட்டடமொன்றில், துணைக்கருவியுடன் 48 உவாற்று நுகரும் ஒவ்வொரு விளக்குக்கும் பதிலாக 20 உவாற்று எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்துவதாகக் கொள்வோம். விளக்கொன்றுக்கு 28 உவாற்று மீதம். நாளொன்றுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாட்கள் எனின், ஆண்டொன்றுக்கு 8,400 அலகுகள் மீதமாகும். இதற்குப் பேரறிஞர் தேவையில்லை. வளிச்சீராக்கியின் வெப்பநிலையை உயர்த்தி வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. இந்தியாவில் 2020 முதல் அறை வளிச்சீராக்கிகள் 24 பாகையில் தொடங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. நம் அலுவலகங்களிலோ, வெளியே வெயில் கொளுத்த, உள்ளே எழுதுவினைஞர் குளிர்ச்சட்டை அணிந்திருப்பதைக் காண்கின்றோம்.

மூன்றாவதாக, கடன். சீர்செய்யும் செலவைக் கடனாக வழங்கி, மீதமாகும் மின்கட்டணத்திலிருந்தே தவணையாக அறவிடலாம். இது தானம் அன்று. மக்கள் பணம் திரும்பி வருகின்றது.

நான்காவதாக, வாடகையாளரின் பாதுகாப்பு. உதவி பெற்றுச் சீர்செய்த உடைமையாளர் அதனைக் காரணங்காட்டி வாடகையை உயர்த்துவாராயின், உதவி மீளப் பெறப்படல் வேண்டும்.

ஐந்தாவதாக, தண்டம். அளந்து, கற்பித்து, கடன் கொடுத்து, போதிய காலமும் கொடுத்த பின்னரும் அசையாதவருக்குத் தண்டம் இருத்தலே வேண்டும். அது தவிர்க்கவொண்ணாத் தண்டமாயும் இருத்தல் வேண்டும். உதவி தண்டத்துக்கு மாற்று அன்று. தண்டத்துக்கு நியாயம் வழங்குவதே உதவி. வழிகாட்டிய பின் தண்டிப்பது நீதி. வழிகாட்டாமல் தண்டிப்பது வரி.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, அரசு தன் கட்டடங்களைச் சீர்செய்தல் வேண்டும். தன் அலுவலகத்தில் ஆளில்லா அறையில் விளக்கெரிய விட்டுவிட்டுக் கடைக்காரருக்கு உபதேசிக்கும் நிருவாகத்தின் சொல் அம்பலம் ஏறாது.

மொழியும் பல்கலைக்கழகமும்

இறுதியாக, தமிழ்ச் சங்கமொன்றின் இதழில் கூறியே ஆக வேண்டிய ஒன்றுண்டு. இக்கோவைகள் ஆங்கிலத் தொழில்நுட்ப மொழியில் வரையப்பட்டவை. விதிக்கு அமைந்தொழுக வேண்டியவரோ தமிழிலும் சிங்களத்திலும் வாணிகம் செய்பவர். தனக்கு விளங்காத மொழியிலுள்ள விதியை ஒருவர் மீறுகின்றார் எனக் கூறுவதே பிழை. அந்த விதி அவரை இன்னும் வந்தடையவில்லை. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோது, தமிழில் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க இயலுமா என ஏளனம் செய்தோர் உளர். கற்பிக்க இயலும் என்பதை நம் ஆசிரியர்கள் நிறுவினர். அம்மரபு பாடநூலோடு நின்றுவிடலாகாது. கடைத்தெருவில் நிற்கும் ஒருவர் படித்து, தன் கூரையையும் சாளரத்தையும் விளக்கையும் தானே சோதித்துக்கொள்ளத்தக்க பத்துப் பக்கக் கைந்நூலொன்றைத் தமிழில் எழுதுவது, பழந்தமிழ்ச் சிறப்புரைக்கும் பத்து மேடைப் பேச்சுகளிலும் மேலான தமிழ்த்தொண்டாகும்.

இப்பணியைப் பல்கலைக்கழகத்தினும் சிறப்பாகச் செய்ய வல்லார் யார்? பொறியியற் பீட மாணவர் அளக்கட்டும். முகாமைத்துவ மாணவர் கணக்கிடட்டும். சட்ட மாணவர் வாடகை ஒப்பந்தத்தை வரையட்டும். கலைப்பீட மாணவர் அவற்றை மக்கள் மொழியில் எழுதட்டும். விடுமுறை நாட்களில் ஒவ்வொரு நகரிலும் பத்துக் கட்டடங்களை எடுத்துக்கொண்டாற் கூட, சில ஆண்டுகளில் நம்மிடம் தரவு இருக்கும். தரவு இருந்தால் வாதம் இருக்கும். வாதம் இருந்தால் அதிகாரிகளின் மௌனத்தை உடைக்கலாம். விரிவுரையாளர்கள் இதனைப் பாடநெறியின் பகுதியாக ஏற்பார்களாயின், பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும் நம் கல்விக்கு ஒரு பயன் உண்டென்பது நிலைநாட்டப்படும்.

அடுத்த வறட்சி வரும். அடுத்த அந்நியச் செலாவணி நெருக்கடியும் வரக்கூடும். அன்று மீண்டும் இருளில் இருக்கப் போவோர் கண்ணாடி மாளிகையில் வாழ்பவர் அல்லர். அவர்களுக்காகவே மாளிகையின் கூரையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. விதி செய்தோம், கடமை முடிந்தது என ஓய்ந்திருக்கும் அரசும், தண்டம் விதித்தால் சமத்துவம் பிறந்துவிடும் என நம்பியிருக்கும் நாமும், ஒரே உறக்கத்தின் இரு பக்கங்களிற் படுத்திருக்கின்றோம். அவ்வுறக்கம் கலைதல் வேண்டும்.